தையல்காரர் மகளின் நீச்சல் உடை

ஜூலை 4

என் செல்லக்குட்டிக்கு,

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அம்மாவிடம் போட்டுக் கொடுத்துவிடாதே. உனக்குச் சொல்லித்தரலாமே என்று மூச்சுப் பயிற்சி வகுப்புக்குப் போனேன். "கண்ண மூடி மூச்ச மட்டும் கவனிங்க" என்றார் ஆசிரியர். கவனித்தேன். விழித்துப் பார்த்தால் வகுப்பே என் குறட்டையைக் கவனித்துக்கொண்டிருந்தது.

"வந்து கூட்டிட்டுப் போங்கப்பா" என்று எழுதியிருந்தாய். அறைப் பெண்கள் உன் படுக்கையில் தண்ணீர் ஊற்றிவிட்டு, "ராத்திரி நனைச்சுட்டா" என்று விடுதி முழுக்கப் பரப்புகிறார்களாமே. பொறு கண்ணு. வம்பு பேசுகிறவர்கள் வாய் வலித்தால் ஓய்ந்துவிடுவார்கள், உன் சித்தியைத் தவிர. பள்ளி விளம்பரத்தில் நீச்சல்குளம் நீலமாக மின்னியதே, அதில் இறங்கு. படுக்கும் முன் மூச்சை எண்ணு. மனசு தேறிவிடும். உடை நானே தைத்து அனுப்புகிறேன். ஊருக்கெல்லாம் தைக்கிறவன் மகள் கடையில் வாங்குவதா?

முத்தங்களுடன்,
குறட்டை அப்பா

ஜூலை 19

அன்புள்ள அப்பாவுக்கு,

உடை வந்தது. அளவு சரியாக இருக்கிறது. தினமும் நீந்துகிறேன். மல்லாந்து நீந்தினால் வானம் மட்டும் தெரிகிறது, அவர்கள் பேச்சு காதில் விழுவதில்லை. மூச்சையும் எண்ணுகிறேன். படுக்கை இன்னும் நனைகிறது.

உங்கள் மகள்

ஆகஸ்ட் 8

என் நீச்சல் ராணிக்கு,

உன் கடிதத்தைக் கடைக்கு வந்தவர்களுக்கெல்லாம் படித்துக் காட்டிவிட்டேன். காஜா எடுக்கிற பையன், "மாஸ்டர், ஒங்க உடம்புக்கு நீந்துற பொண்ணா?" என்கிறான். "நான் மிதப்பேன்டா, அவ நீந்துவா" என்றேன். படுக்கையை விடு, வெயிலில் காய்ந்துவிடும். சனிக்கிழமை நீ நீந்துவதைப் பார்க்க நான், அம்மா, சித்தி மூவரும் வருகிறோம். கை தட்டிக் குளத்தையே கலக்கிவிடுகிறோம்.

பெருமையில் சட்டைப் பொத்தான் தெறிக்க,
அப்பா

ஆகஸ்ட் 13

அப்பா,

பார்ப்பதற்கென்றால் வர வேண்டாம். கூட்டிப் போவதென்றால் மட்டும் வாருங்கள்.

மத்தியானம் குளத்துக்குள் இறங்கி, ஏணிக்குக் கீழே மல்லாந்து படுத்துக்கொள்வேன். அங்கே என்னை யாரும் தேடுவதில்லை. மூச்சு எண்ணுவது நிஜம். மற்றதெல்லாம் உங்களுக்காக எழுதியது. நீங்கள் அவ்வளவு சந்தோஷப்பட்டீர்கள், நிறுத்த முடியவில்லை.

என் படுக்கை தினமும் நனைகிறது. நீங்கள் தைத்த உடை ஒரு நாளும் நனையவில்லை. குளத்தில் தண்ணீர் இல்லை அப்பா. நான் வந்து சேர்ந்த அன்றும் இல்லை.