பளபளத்த பழைய ஆக்சுவேட்டர்

ஏங்க, எழுதுகிறேன் என்பதால் பேசிவிட்டதாக நினைக்க வேண்டாம்.

பிக்கப்பைத் தொடாதீர்கள். சாவி என் பையில் இருக்கிறது. அத்தையைக் கூட்டிவர ஜீப் டாக்ஸி பிடியுங்கள். நாலு சக்கரமும் இழுத்தால்தான் அத்தை வீட்டு வழியிலுள்ள அந்தச் சேற்று மேட்டில் வண்டி ஏறும். இழுக்காது. காலையில் கிளப்பினால் டாஷ்போர்டு விளக்கு விடாமல் கண்ணடிக்கிறது. நேற்று நாலு மணி நேரம் வண்டிக்கு அடியில் மல்லாந்து கிடந்து நான் மாட்டியது பழைய ஆக்சுவேட்டராம், முன் சக்கரங்களையும் இழுக்க வைக்கும் பாகத்தில் அதே கெட்டுப்போனது. புதியது வாஷிங் மெஷின் மேல் பழந்துணிக்குள் சுகமாகத் தூங்குகிறது.

கெட்டுப்போனதைப் பல் பிரஷால் தேய்த்துப் பளபளப்பாக்கி, புதியதன் பெட்டிக்குள் வைக்கச் சொல்லி உங்களிடம் யார் கேட்டது? உதவியாம். போதாததற்குப் பக்கத்து வீட்டுக்காரர் முன்னால், "மெக்கானிக்கம்மா, கடைசியில வண்டியத் தள்ள எத்தனை பேரு வேணும்?" என்று நக்கல் வேறு.

சாப்பாடு அடுப்பின் மேல் இருக்கிறது. உப்பு போட்டேனா, இரண்டு தடவை போட்டேனா தெரியாது. அவ்வளவு கோபம்.

ஓரத்தில் எழுதுவதையும் படியுங்கள்: மாட்டும்போதே பழையதில் இருந்த அந்தக் கீறல் என் கண்ணில் பட்டது. உங்களைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். அந்த நக்கலைக் கேட்டதும் உங்களோடு பேசுவதில்லை என்று சபதம் எடுத்திருந்தேனே, அதனால் மாட்டிவிட்டேன்.

சாயங்காலம் மறுபடி கழற்றுவேன். டார்ச் பிடிக்க வாருங்கள். பேசமாட்டேன்; எங்கே பிடிப்பது என்று கையால் காட்டுவேன்.