மிளகு என்ற மோப்ப நாய் என் தம்பியின் பாயில் வந்து படுத்தது பற்றி

அனுப்புநர்:
தையல் கடைக்காரி,
மோப்ப நாய்ப் பயிற்சித் திடலின் பின்தெரு,
தெருக்குழாய்க்கு நேர் எதிர் வீடு.

பெறுநர்:
உயர்திரு காவல் கண்காணிப்பாளர் அவர்கள்,
காவல் தலைமை அலுவலகம்.

பொருள்: கடிகாரக் கடைக்காரர் தாக்கப்பட்ட வழக்கு – என் தம்பியை மோப்ப நாய் அடையாளம் காட்டியது – அந்த நாய் என் தம்பியின் வாசனையை வைத்தே பழக்கப்பட்டது – அவன் வாக்குமூலத்தில் கையெழுத்திடும் முன் மறு சோதனை நடத்த வேண்டுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா அவர்களுக்கு,

வணக்கம். தைத்த சீருடைகளைக் கொடுக்க வந்ததைத் தவிர வேறு காரியமாக நான் காவல் நிலையப் படி ஏறியதில்லை. அதிகாரிக்கு மனு எழுதுவதும் இதுவே முதல் தடவை. பயப்படாதவள் போல எழுதிப் பார்த்துக் கிழித்துப் போட்டேன். இப்போது பயந்தபடியே எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

1. எனக்கென்று இருப்பவன் ஒரே தம்பி. ரொட்டிக்கடையில் அடுப்பு வேலை. விடிவதற்கு வெகு முன்னே போய், வெயில் ஏறும்போது திரும்புவான். சாப்பிட்ட தட்டைக்கூடக் கழுவாமல் பாயில் விழுவான். கழுவச் சொல்லி நான் கத்தாத நாள் கிடையாது. இன்றைக்கு அந்தத் தட்டு சுத்தமாகக் கவிழ்ந்து கிடக்கிறது. பார்க்கவே பிடிக்கவில்லை.

2. எங்கள் வீட்டுக்கும் தங்கள் துறையின் பயிற்சித் திடலுக்கும் நடுவில் ஒரு கம்பி வேலிதான். சென்ற ஆண்டு அங்கே ஒரு குட்டி நாய் வந்து சேர்ந்தது. துறைக் காகிதத்தில் அதற்கு ஏதோ கம்பீரமான பெயர் இருக்கிறது. மூக்கும் முகவாயும் கறுகறுவென்று இருந்ததால் என் தம்பி மிளகு என்று கூப்பிட்டான். கடைசியில் அதைப் பழக்கிய காவலரும் அப்படியே கூப்பிட ஆரம்பித்துவிட்டார். அவர் நல்ல மனிதர். என்னை அக்கா என்பார். அவர் மகளின் பள்ளிச் சீருடையை நான்தான் தைக்கிறேன். அவர்மேல் பழி போட இந்த மனுவை எழுதவில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

3. தடம் போடுவது எப்படி என்று ஐயாவுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனாலும் என் தம்பியின் உயிர் அதில் மாட்டிக்கொண்டிருப்பதால் சொல்கிறேன். ஒருவர் புல்லில் ஓரிடத்தில் நின்று நன்றாக மிதித்துவிட்டு, நேராகவும் வளைந்தும் நடந்துபோக வேண்டும். போகும் வழியில் சிறுசிறு இறைச்சித் துண்டுகளைப் போட வேண்டும். கடைசியில் புதருக்குப் பின்னால் படுத்துக்கொள்ள வேண்டும். தடம் கொஞ்சம் ஆறட்டும் என்று விட்டுவிட்டு, பிறகு நாயை நீளக் கயிற்றில் கூட்டி வருவார்கள். அது தரையை மோந்துகொண்டே வந்து ஆளைக் கண்டுபிடித்தால் தின்னவும் கிடைக்கும், கொஞ்சலும் கிடைக்கும். நாள் போகப் போக இறைச்சியைக் குறைப்பார்கள், ஆறவிடும் நேரத்தைக் கூட்டுவார்கள், திடலை விட்டுத் தெருக்களிலும் நடக்க வைப்பார்கள்.

4. மிளகுக்காக அப்படி நடந்தவன் என் தம்பி. முதல் நாளும் அவன்தான், கடைசி நாளும் அவன்தான். வேலை முடிந்து வரும் வழியிலேயே காவலர் அவனைப் பிடித்துக்கொள்வார். அவனும் நாய் என்றால் உயிரை விடுகிறவன், தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டு போவான். புதருக்குப் பின்னால் படுத்தவன் அங்கேயே தூங்கிப்போய், நாய் வந்து முகத்தை நக்கி எழுப்பிய கதையெல்லாம் உண்டு. வீட்டில் சட்டையைக் காணோம் என்று தேடினால் அது திடலில் நாய்க்கு மோப்பம் காட்டக் கிடக்கும். ஒருநாள் தடம் ஆறுவதற்காக என் வாசலில் காத்திருந்தபோது காவலர் தன் வாயாலேயே சொன்னார்: “ஒரே ஆளை வச்சுப் பழக்கக் கூடாதுக்கா. ஆளை மாத்திக்கிட்டே இருக்கணும். ஆனா எவன் வர்றான்? நாயைப் பார்த்தாலே ஓடுறானுங்க.” நானும் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டிவிட்டுப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தேன்.

5. பயிற்சி முடியும் தறுவாயில் ஒரு தடவை மட்டும் திடலின் தோட்டக்காரரை நடக்க வைத்தார்கள். மிளகு பாதி தூரம் போய்த் தலையைத் தூக்கிக் காற்றை மோந்தது. பிறகு கயிற்றை இழுத்துக்கொண்டு வேலிச் சந்து வழியாக வந்து, தம்பி தூங்கிக்கொண்டிருந்த எங்கள் வாசலில் உட்கார்ந்துவிட்டது. தோட்டக்காரர் வெயிலில் புதருக்குப் பின்னால் காத்துக் கிடந்து, ஆளைக் காணோமே என்று தானே எழுந்து வந்தார். எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தோம். இவனுக்கு உங்க வீடுதான் தலைமை அலுவலகம் என்று காவலர் கேலி செய்தார். அந்தத் தோட்டக்காரர் இன்னும் அங்கேயேதான் வேலை செய்கிறார். அவரைக் கூப்பிட்டு விசாரித்தால் நான் எழுதுவது பொய்யா மெய்யா என்று தெரிந்துவிடும்.

6. சென்ற திங்கட்கிழமை காலையில் கடிகாரக் கடைக்காரர் தம் கடையின் பின்னறையில் மண்டை உடைந்து கிடந்தார். கண்ணாடி அலமாரி காலியாக இருந்தது. அவர் இன்னும் கண் திறக்கவில்லை. அந்தக் கடை வாசல் வழியாகத்தான் என் தம்பி நாள் தவறாமல் வேலைக்குப் போவான், திரும்புவான். மிளகைப் பயிற்சிக்காக நடத்திய தெருவும் அதுதான். மிளகுக்கு அது முதல் வழக்கு. அறையில் கிடந்த ஒரு துணியை மோந்துவிட்டு அது வெளியே வந்து சுற்றிச் சுற்றி நின்றதாகவும், பிறகு திடீரென்று ஓட்டம் பிடித்ததாகவும் எதிர்க்கடைக்காரர் என்னிடம் சொன்னார். முன்பின் தெரியாத ஒருவனின் வாசனையைத் தவறவிட்ட நாய், தெருவில் தனக்கு நன்றாகத் தெரிந்த வாசனையைப் பிடித்துக்கொண்டது. தோட்டக்காரரை விட்டுவிட்டு வந்ததே, அதே கதைதான்.

7. அது எங்கள் வாசலுக்கு வந்தபோது நான் தைத்துக்கொண்டிருந்தேன். சங்கிலிச் சத்தம் கேட்டதும் வழக்கம்போலப் பயிற்சி என்றே நினைத்தேன். “டேய், மிளகு வந்திருக்கு, எந்திரி” என்று நானே குரல் கொடுத்தேன். நிமிர்ந்து பார்த்தால் பின்னால் ஆய்வாளரும் சீருடைக்காரர்களும் பாதித் தெருவும் நிற்கிறது. மிளகு என் காலை உரசிக்கொண்டு உள்ளே போய், தம்பியின் பாயில் ஏறிப் படுத்து வாலை ஆட்டியது. அவன் கண்ணைக்கூடச் சரியாகத் திறக்காமல், ஆணியில் தொங்கிய சட்டைப் பையிலிருந்து ஒரு ரஸ்கை எடுத்து அதற்குக் கொடுத்தான். ஆய்வாளர் இதைக் கண்ணால் பார்த்தார். மறுநாள் செய்தித்தாளில், மோப்ப நாய் குற்றவாளியின் மீது பாய்ந்து கவ்விப் பிடித்தது என்று வந்திருக்கிறது. தன்னைக் காட்டிக்கொடுத்த நாய்க்கு ரஸ்க் கொடுக்கும் குற்றவாளியை ஐயா தங்கள் அனுபவத்தில் பார்த்ததுண்டா என்று பணிவோடு கேட்கிறேன்.

8. அடித்தது விடிவதற்கு முன் என்கிறார்கள். அன்று ரொட்டிக்கடை மாஸ்டர் விடுப்பில் இருந்ததால் அடுப்படியில் தம்பி தனியாக இருந்தான், பார்த்தவர் யாரும் இல்லை. இது எங்கள் கெட்ட நேரம். ஆனால் அன்றைக்கு விற்ற ரொட்டி அத்தனையும் கருகாமல் வெந்திருந்தது. அடுப்பு தானாகவா ரொட்டியைத் திருப்பிப் போடும்? ரொட்டி வேகும் நேரத்தில் போய்விட்டு வந்திருக்கலாமே என்கிறார் ஆய்வாளர். சரி, அடித்தவன் கையில் ரத்தம் இருந்திருக்கும். தம்பியின் சட்டையில் மாவுதான் இருந்தது. அந்தச் சட்டையையும் எடுத்துக்கொண்டு போனார்கள். அதைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

9. மறுநாள் உறுதி செய்துகொள்வதற்காக, நிலைய முற்றத்தில் சிலரோடு அவனையும் வரிசையாக நிறுத்தி அதே மிளகை விட்டிருக்கிறார்கள். அது வேறு யாரிடம் போகும்? கூண்டிலிருந்து விட்டால் நேரே அவனிடம்தான் ஓடும், என் வீட்டுச் சுவருக்குக்கூட அது தெரியும். இப்போது நாய் இரண்டு முறை காட்டிவிட்டது, சந்தேகமே இல்லை என்கிறார்கள். பழக்கிய காவலர் அன்று தலையைக் குனிந்துகொண்டே நின்றாராம். நேற்று அவர் எங்கள் தெருக்குழாய் வரை வந்தார். நான் எழுந்து வாசலுக்குப் போவதற்குள் திரும்பி நடந்துவிட்டார். வேலை போய்விடுமோ என்று அவருக்குப் பயம். எனக்கு அது புரிகிறது. அவரைத் தண்டிக்காமல் உண்மையை மட்டும் கேட்டு வாங்க ஐயாவால் முடியும் என்று நம்புகிறேன். மிளகையும் ஒன்றும் செய்துவிடக் கூடாது. அது சொல்லிக்கொடுத்ததைச் செய்தது, அவ்வளவுதான்.

10. ஐயா, எனக்கு எல்லாமே பயமாக இருக்கிறது. வண்டிச் சத்தம் கேட்டால் ஊசி விரலில் ஏறுகிறது. தைக்கக் கொடுத்த துணியைத் தைக்காமலேயே திரும்ப வாங்கிக்கொண்டு போகிறார்கள், கேட்டால் அவசரமில்லை என்கிறார்கள். கடிகாரக் கடைக்காரர் பிழைக்க வேண்டும் என்று கும்பிடுகிறேன். அவர் கண் திறந்தால் அடித்தது யார் என்று சொல்லிவிடுவார் என்பதற்காகத்தான் கும்பிடுகிறேன், அதை நினைத்தால் எனக்கே கூசுகிறது. போய்விட்டாரென்றால் இது கொலை வழக்கு. இதற்கெல்லாம் மேலே, அடித்தவன் இந்த ஊரிலேயே எங்கோ நிம்மதியாக இருக்கிறான். ஆள் கிடைத்துவிட்டான் என்று அவனை யாரும் தேடவில்லை. என் வீட்டுத் தாழ்ப்பாள் ஒரு உதைக்குத் தாங்காது. அவன் விட்டுப்போன தடமும் நாளுக்கு நாள் ஆறிக்கொண்டு போகிறது.

11. ஆகையால் வேறு ஊரிலிருந்து என் தம்பியை அறியாத ஒரு நாயையும் காவலரையும் வரவழைத்து, பின்னறையில் கிடந்த அந்தத் துணியை மோந்து பார்க்க வைக்குமாறு வேண்டுகிறேன். மிளகையும் சோதித்துப் பார்க்க வேண்டும். யாராவது ஒருவர் தடம் போடட்டும், நடுவில் என் தம்பியை ஒரு தடவை குறுக்கே நடக்கச் சொல்லுங்கள். ஐயா நேரில் நின்று பாருங்கள். மிளகு நேராகத் தடம் போட்டவரிடமே போய்ச் சேர்ந்தால் அதன் பிறகு நான் வாயைத் திறக்க மாட்டேன்.

12. இனி எழுதப்போவதை ஐயா எப்படி எடுத்துக்கொள்வீர்களோ தெரியவில்லை. வேறு வழியில் தெரிந்தால் இன்னும் கெடுதல் என்பதால் நானே எழுதுகிறேன். என் தம்பி சிறுவயதில் ஒருமுறை தூக்கத்தில் எழுந்து தெருமுனை வரை நடந்துபோனான். அதற்குப் பிறகு ஒருநாளும் இல்லை. இதை ஆய்வாளரிடம் அவனே சொல்லியிருக்கிறான். அப்படியானால் அடுப்படியில் கண்ணயர்ந்து தூக்கத்திலேயே போய்ச் செய்திருப்பாய், உனக்கு நினைவிருக்காது என்று அவர் சொல்லியிருக்கிறார். நேற்று மாலை அவனைப் பார்க்க விட்டார்கள். அவனை அடித்ததாகத் தெரியவில்லை. அவன் அழவும் இல்லை. கடிகாரக் கடைக்காரர் சாப்பிடுகிறாரா என்று கேட்டான். பிறகு சொன்னான்: “அக்கா, மிளகு பொய் சொல்லாதுக்கா. ரெண்டு தடவையும் என்கிட்டதான் வந்துச்சு. நான்தான் ஏதோ பண்ணியிருக்கேன் போல. எனக்குத் தெரியல. நாளைக்குக் கையெழுத்துப் போட்டுடறேன்.”

13. நான் சொன்னேன் ஐயா. உன் வாசனைதான்டா அதுக்குத் தெரியும், அதனால வந்துச்சு என்று கம்பியைப் பிடித்துக்கொண்டு திரும்பத் திரும்பச் சொன்னேன். “நீ என் அக்கா, அப்படித்தான் சொல்லுவ” என்று என்னையே தேற்றுகிறான். அவன் கையெழுத்துப் போடப்போவது இன்றைக்கு. தாங்கள் இந்த மனுவில் வேறெதற்கும் இரங்காவிட்டாலும் பரவாயில்லை. அவன் பேனாவை எடுக்கும் முன் தாங்களோ, தங்களுக்காகச் சீருடையில் ஒருவரோ அவன் எதிரில் உட்கார்ந்து, நாய்க்கும் தப்பு வரும் என்று ஒரே ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். சீருடையில் இருப்பவர் சொன்னால் அவன் நம்புவான்.

தங்கள் உத்தரவுக்காக வாசலிலேயே காத்திருக்கும்,

(ஒப்பம்)
தையல் கடைக்காரி,
ரொட்டிக்கடைத் தம்பியின் அக்கா.

இடம்: தங்கள் அலுவலக வெளிவாசல்
நாள்: வியாழக்கிழமை, அலுவலகம் திறக்கும் முன்