மாந்தரும் ஆளும்

1931 ஜூன் 7, ஞாயிறு

காலையிலிருந்து ஒரே வரியில் மாட்டிக்கொண்டு கிடக்கிறேன். ஜூலை நாலாம் தேதி நாமக்கல் வாசகசாலையில் ஜெபர்சனைப் பற்றி நான் பேச வேண்டும். அமெரிக்காவின் மூன்றாவது ஜனாதிபதி. இங்கிலாந்து ராஜா வேண்டாமென்று அந்த நாட்டார் வெளியிட்ட பிரகடனத்தை எழுதியவர். எல்லாரும் சமமாகப் படைக்கப்பட்டவர்கள் என்கிறார். அந்த 'எல்லார்' என்பதற்கு அவர் ஆங்கிலத்தில் போட்ட சொல் 'மென்'. தமிழில் என்ன போடுவது? மனிதர் – சப்பென்று இருக்கிறது. ஆடவர் என்றால் என் மனைவி தெய்வநாயகி சண்டைக்கு வருவாள்.

வாய்விட்டுச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தேன். வாசலுக்கு வெளியே, தோட்டத்தில் வேலை செய்கிற காத்தான் உட்கார்ந்து, மாடு பூட்டிக் கிணற்றுத் தண்ணீர் இறைக்கும் கவலைச் சாலின் தோலைத் தைத்துக்கொண்டிருந்தான். தலை நிமிராமலே, "ஆளுன்னு போடுங்க சாமி" என்றான்.

ஏன் என்று கேட்டேன்.

"மனுசன்னு போட்டா எங்களுக்குச் சேராதுங்களே. தோட்டத்துல எத்தனை பேருன்னு கேட்டா, உங்க சனத்த மூணு பேரு, எங்களை ரெண்டு ஆளுன்னுதானுங்க சொல்றீங்க."

சிரித்துவிட்டேன். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. நேற்றுக்கூட அப்படித்தான் சொன்னேன். ஆனாலும் மேடையில் 'எல்லா ஆளும் சமம்' என்றால் ஊரே கைகொட்டும். 'மாந்தர்' என்று போட்டேன். கம்பீரமாக இருக்கிறது.

ஜூன் 14

அப்பா போனபின் பாகம் பிரித்ததில் எனக்கு வந்தவை: வடக்குத் தோட்டம், கிணறு, இரண்டு ஜோடி மாடு, காத்தான், அவன் பெண்டாட்டி சின்னாயி. அன்றைக்கு இப்படித்தான் வாசித்தார்கள். யாருக்கும், எனக்கும்தான், ஒன்றும் உறுத்தவில்லை.

காத்தான் இன்று செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு வந்து நின்றான்.

"ஆடி பொறந்தா எங்க பண்ணைய வருசம் முடியுதுங்க. மேட்டூருல அணை வேலைக்கு ஆள் எடுக்கறாங்களாமா. நானும் சின்னாயியும் போலாம்னு இருக்கறமுங்க. சின்னப் பண்ணாடி நீங்க ஒரு வார்த்தை, உட்டுட்டேன்னு சொல்லோணுமுங்க."

பார்க்கலாம் என்றேன்.

ஜூன் 20

சேலத்திலிருந்து ஜெபர்சனைப் பற்றிய தடிப் புத்தகம் வந்தது. ஏன்டா பிரித்தோம் என்று ஆகிவிட்டது. ஜெபர்சன் தம் ஆயுளில் அறுநூறு பேருக்கு மேல் அடிமை வைத்திருந்தாராம். விரல்விட்டு எண்ணுகிற சிலரைத்தான் விடுவித்தார். அவர் செத்தபின் மற்றவர்களில் பெரும்பாலோரை ஏலம் போட்டார்கள்.

இன்னொன்று. பிரகடனத்துக்கு ஏழு வருஷம் முன்னால், ஓடிப்போன அடிமை ஒருவனைப் பிடித்துத் தரச்சொல்லிப் பத்திரிகையில் விளம்பரம் கொடுத்திருக்கிறார். ஆளின் உயரம், நிறம், வயது எல்லாம் போட்டு: செருப்புத் தைப்பவன், இடது கைப் பழக்கம், குடிகாரன், தந்திரக்காரன், வெள்ளைக் குதிரை ஒன்றைக் கொண்டுபோய்விட்டான்.

அதே கைதானா 'எல்லாரும் சமம்' என்று எழுதியது? 

எழுதியே வைக்கிறேன். ஆடி ஒன்றாம் தேதி காத்தானை விட்டுவிடுவேன்.

ஜூன் 23

அண்ணன் செங்கோட்டையனிடம் சொன்னேன். வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து பிடித்துக்கொண்டார்.

"ஆடிப்பட்டத்துல ஆளை உட்டுப்போட்டு நீ கவலை ஓட்டுவயாடா? ஏத்தத்துக்கும் எறக்கத்துக்கும் வித்தியாசம் தெரியுமா உனக்கு? உன்ற ஆளை உட்டா நாளைக்கு என்ற ஆளு வந்து நிப்பான். ஆளுங்க குடியிருக்கற வளவே கெளம்பிப் போயிரும். அப்பறம் ஊருக்குள்ள நம்ம மூஞ்சியில எவன் முழிப்பான்?"

ஜெபர்சனும் இதையே எழுதியிருக்கிறார். ஓநாயின் காதைப் பிடித்திருக்கிறோம், பிடித்துக்கொண்டே இருக்கவும் முடியாது, விட்டால் பத்திரமும் இல்லை என்று. நம் ஊரில் புலிவால். அந்தப் பக்கத்தை இரண்டு முறை படித்தேன். வெட்கமாக இருந்தது, கொஞ்சம் ஆறுதலாகவும் இருந்தது.

ஜூலை 4

பேச்சு அமோகம். 'மாந்தர் அனைவரும்' என்று நிறுத்திச் சொன்னபோது கைதட்டல் அடங்கவே இல்லை. நூல்கடை தீர்த்தகிரி மட்டும் எழுந்தார்.

"அவரு ஊட்டுலயே அடிமைங்க இருந்தாங்கன்னு படிச்சனுங்க. மெய்யிங்களா?"

"மெய்தான். நிலவிலும் களங்கம் இருக்கிறது. அதற்காக வெளிச்சம் வேண்டாம் என்போமா?" என்றேன். அதற்கும் கைதட்டினார்கள். தீர்த்தகிரி தட்டவில்லை. "களங்கத்துக்குள்ள இருந்தவங்களக் கேட்டாத் தெரியுமுங்க" என்று உட்கார்ந்துவிட்டார்.

பேச்சைப் புத்தகமாகப் போடுகிறார்களாம்.

ஜூலை 17, ஆடி 1

வந்தான். காத்தான் கையில் புதுச் செருப்பு ஒரு ஜோடி. விடை வாங்கிக்கொள்ள எனக்கென்று தைத்தது.

"இந்த ஒரு வருஷம் இரு காத்தா. அடுத்த ஆடிக்குச் சத்தியமா விட்டுடறேன்" என்றேன்.

"சரிங்க சாமி."

அவ்வளவுதான். ஒரு வார்த்தை கூடக் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம், பாவி. கேட்டிருந்தால் ஒருவேளை – இல்லை, இது பொய். செருப்பைத் திண்டில் வைத்துவிட்டுப் போனான். காலுக்குக் கச்சிதமாக இருக்கிறது.

ஜூலை 19

காத்தான் குடிசை காலி. சட்டி பானையும் இல்லை.

ஜூலை 20

அண்ணன் விடியற்காலையிலேயே வந்துவிட்டார். "ஓடிப்போயிட்டான்னு எழுதுனா ஸ்டேஷன்ல வாங்க மாட்டான். மயிலைக் காளையை ஓட்டிட்டுப் போயிட்டான்னு எழுது."

எழுதினேன்.

யாரும் என் கையைப் பிடித்து எழுதவைக்கவில்லை. எழுதினேன். வயது சுமார் முப்பத்தைந்து, குட்டை, கறுப்பு, இடது புருவத்தில் கவலைக் கயிறு அறுத்த தழும்பு, செருப்புத் தைப்பவன். நடுவில் பேனா நின்றது. இதை எங்கே படித்தேன் என்று தெரிந்துதான் நின்றது. மறுபடியும் மையில் தோய்த்து, காளையின் அடையாளங்களையும் எழுதி முடித்தேன். புகாரை 'என் பண்ணை ஆள் காத்தான்' என்று தொடங்கியிருந்தேன். இந்தத் தடவை சொல்லைத் தேட வேண்டியிருக்கவில்லை.

அண்ணனுடைய ஆள் காளையை அவிழ்த்து அவர் தோட்டத்துக்கு ஓட்டிப்போனான். தெய்வநாயகி பார்த்துக்கொண்டே நின்றாள். "ஏனுங்க, காளை இங்கதான இருக்குது?" என்றாள். உள்ளே போ என்று கத்தினேன். கல்யாணமான இந்த ஒன்பது வருஷத்தில் அவளிடம் நான் கத்தியதில்லை.

ஜூலை 26

மேட்டூர் போகும் பாதையிலேயே பிடித்துவிட்டார்களாம்.

ஜூலை 29

காளை கிடைத்துவிட்டது, வழக்கு வேண்டாம் என்று ஸ்டேஷனில் எழுதிக் கொடுத்து, காத்தானைக் கூட்டிவந்தோம். காளை எங்கே என்று கேட்டுக் கேட்டு ரூல்தடியால் அடித்திருக்கிறார்கள். இல்லாத காளையை அவன் எங்கே காட்டுவான்? வலது கை மணிக்கட்டு வரை வீங்கித் துணி சுற்றியிருந்தது. வண்டியில் என் முகத்தை அவன் பார்க்கவில்லை.

சின்னாயிதான் கேட்டாள். "அவரு காளையத் தொடலைன்னு உங்களுக்குத் தெரியாதுங்களா பண்ணாடி?"

தெரியும். தெரியுமடி தாயே, தெரிந்துதான் எழுதினேன். இதை வாயால் சொல்லவில்லை. இங்கே எழுதுகிறேன்.

ஆகஸ்ட் 2

அண்ணன் சொல்கிறார்: "பாத்தயா, வளவுல ஒருத்தனும் மூச்சு உடறதில்ல."

ஆகஸ்ட் 23

புத்தகம் அச்சாகி வந்தது. அட்டையில் என் பெயர். 'மாந்தர்' பெரிய எழுத்தில் நன்றாகத்தான் விழுந்திருக்கிறது. தீர்த்தகிரிக்கு அனுப்பிய பிரதி பிரிக்காமலே திரும்பி வந்துவிட்டது.

காத்தான் கவலை ஓட்டுகிறான். வலது கையில் மூன்று விரல் மடங்குவதில்லை. வைத்தியர் இனி மடங்காது என்றுவிட்டார்.

போன வாரம் அந்தச் செருப்பின் வார் அறுந்துவிட்டது. வேறு யாரிடம் கொடுப்பது? அவனிடமே கொடுத்தனுப்பினேன். இன்று தோட்டத்துக்குப் போனபோது கிணற்று மேட்டில் உட்கார்ந்து தைத்துக்கொண்டிருந்தான். செருப்பை முழங்காலுக்கு இடையில் இடுக்கிக்கொண்டு, ஊசியை இடது கையில் பிடித்திருந்தான். என்னைக் கண்டதும் எழுந்து நின்றான்.

"பழகிருச்சுங்க சாமி" என்றான்.

வாரை இழுத்துப் பார்த்தேன். தையல் நேராகத்தான் இருக்கிறது.