அம்மா அறையில் ஆறு மூட்டை

ஆவணி 4, புதன்

காலையிலிருந்து சாரல். மலை மூடிக் கிடக்கிறது. பின்கட்டு ஓடு முழுக்க இறக்கியாயிற்று. கொத்தனார் முருகேசண்ணன் (இனி மு.அ.) எட்டு மணிக்கு வருகிறேன் என்றவர் பத்தரைக்கு வந்தார். வந்ததும் டீ கேட்டார். அம்மா போட்டுக் கொடுத்தாள். அவரைக் கெடுப்பதே அம்மாதான்.

வாங்க: ஆணி, தார்ப்பாய்க் கயிறு, சல்லடை, அம்மாவுக்குத் தைலம்.

கோவை வேலையை விட்டு வந்து இரண்டு மாதம். வீட்டையும் எடுத்துக் கட்டுகிறேன், ஏலக்காய் யாவாரமும் தொடங்குகிறேன் என்று சொந்தக்காரர் அத்தனை பேரிடமும் சொல்லித் தொலைத்தாயிற்று. பின்கட்டுக்குத் தளம். முன் அறை பேக்கிங் அறை. அம்மா அறையை மட்டும் தொடக் கூடாதாம்.

"டிவி ஒயர எவனாச்சும் புடுங்குனா எனக்குக் கெட்ட கோவம் வரும், சொல்லிட்டேன்."

சரி தாயே.

ஆவணி 5, வியாழன்

போடிமெட்டிலிருந்து குமார் மாமா ஜீப்பில் ஆறு மூட்டை அனுப்பிவிட்டார். அவர் தோட்டத்துக் காய். நல்ல பச்சை, நல்ல பருமன். முதல் மூட்டையைப் பிரித்ததும் அம்மா முகத்தை உள்ளேயே விட்டுவிட்டாள். வெளியே எடுக்க மனசில்லை அவளுக்கு.

ஆறும் மதுரை இனிப்புக் கடைக்கு. என் முதல் ஆர்டர். திங்கள் காலை போய்ச் சேர வேண்டும். கடை முதலாளி போனில் மரியாதையாகத்தான் பேசினார். ஆனால் மூட்டையைப் பிரித்ததும் முதலில் மூக்கைத்தான் வைப்பாராம். வேறு வாசம் ஏதாவது அடித்தால் மொத்த லோடும் திரும்பி வரும், அதற்கப்புறம் நான் போன் பண்ண வேண்டியதில்லை. ஸ்பீக்கரில் போட்டிருந்ததால் அம்மாவும் கேட்டாள். தீபாவளிக்கு முன்னால் இவர் போய்விட்டால் என்னை மாதிரிப் புது ஆளிடம் வேறு யார் வாங்குவார்கள்? மறுபடி கோவை, மறுபடி அதே நாற்காலி.

நடு அறையில் இரண்டு மூட்டையைப் பிரித்துக் கொட்டிச் சலித்தோம். அம்மா டிவி சத்தத்தைக் கேட்டுக்கொண்டே காம்பு கிள்ளினாள். என்னைவிட வேகம். மீதி நாலும் நாளைக்கு.

தைலம் வாங்கி ஃபிரிட்ஜ் மேல் வைத்திருக்கிறேன்.

ஆவணி 6, வெள்ளி

காலையில் பெயிண்டர் வந்து முன் அறை ஜன்னல், கதவு எல்லாம் முடித்துவிட்டுப் போனார். நீலம். பஸ்ஸுக்கு அடித்த மாதிரி இருக்கிறது என்று அம்மா. எனக்குப் பிடித்திருக்கிறது.

மத்தியானம் மழை கொட்டியது. தார்ப்பாய் ஒரு பக்கம் பிய்த்துக்கொண்டு, பின்கட்டுத் தண்ணீர் கதவுக்கடியில் நடு அறைக்குள் வந்துவிட்டது. மு.அ. வீட்டுக்குப் போயிருந்தார். ஒரே ஆளாக ஆறு மூட்டையையும் இழுத்துக்கொண்டு போய் முன் அறையில் போட்டேன். ஒரு காய் நனையவில்லை. இடுப்பு போச்சு. ஆனாலும் பெருமை.

அம்மா நொண்டுகிறாள். மழைக்கு அப்படித்தான் என்றாள்.

ஆவணி 7, சனி

அம்மா முன் அறைக்குப் போய் நாலு காய் எடுத்துத் தட்டிப் போட்டு டீ கொண்டு வந்தாள். ஒரு வாய் குடித்தேன். அம்மாவும் குடித்தாள். ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துக்கொண்டோம்.

"என்னத்தா இது, கதவ நக்குன மாதிரி இருக்கு."

ஏலக்காய் பக்கத்தில் எதை வைத்தாலும் அந்த வாசத்தை உள்ளே இழுத்துக்கொள்ளும். இந்த ஊரில் பால்வாடிப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். ஊரெல்லாம் யாவாரம் யாவாரம் என்று சொல்லிக்கொண்டு, நேற்றுப் பெயிண்ட் அடித்த அறையில் கொண்டுபோய் வைத்தவள் நான். தலையில் அடித்துக்கொண்டேன், நிஜமாகவே. அம்மா கையைப் பிடித்துக்கொண்டாள்.

பிரிக்காத நாலு மூட்டைக்கும் உள்ளே பாலித்தீன் பை. தப்பித்தது. சலித்து வெறும் சாக்கில் வைத்த இரண்டும் போச்சு. துணியில் முடிந்து பீரோவில் போட்டால் பூச்சி வராது என்று அம்மா அதற்கும் ஒரு சோலி கண்டுபிடித்துவிட்டாள்.

குமார் மாமாவுக்குப் போன் பண்ணினேன். முதலில் சிரித்தார். நன்றாகச் சிரித்தார். பிறகு, நாளைக்கு ஏறி வா தாயி, இரண்டு மூட்டை தருகிறேன் என்றார்.

சரி, கொண்டு வந்து எங்கே வைத்துச் சலிப்பது? முன் அறை பெயிண்ட். பின்கட்டு சிமெண்ட் ஈரம். நடு அறையில் அடுப்படித் தாளிப்பு, வியாழக்கிழமை அதைக்கூட யோசிக்கவில்லை. சாமி அறையில் சாம்பிராணி. மிச்சம் அம்மா அறை. அங்கே வருஷக்கணக்கான தைலம், கொசுகூட எட்டிப் பார்க்காது. தேய்க்காவிட்டால் முழங்கால் வலியில் அவளுக்குத் தூக்கம் கிடையாது. அந்த அறையை எப்படிக் கேட்பது? கேட்கவில்லை. சிலமலைச் சித்தியைக் கேட்கலாம் என்றால் அவள் வீட்டை ஒட்டி மாட்டுக்கொட்டகை.

ஆவணி 8, ஞாயிறு

விடிந்ததும் ஜீப்பு. வளைவுக்கு வளைவு பனி. தோட்ட வேலைக்குப் போகிற பெண்கள் மடியில் பாதி நான். இரண்டு மூட்டையோடு மூன்று மணிக்கு இறங்கிவிட்டேன். வழியெல்லாம் சித்தி வீட்டு மாட்டைப் பற்றியே யோசனை.

வீட்டில் அம்மா அறை காலி. கட்டிலையும் டிவியையும் தவிர அவள் சாமான் ஒன்றும் இல்லை. மெத்தை, தலையணை, ஜன்னல் துணி எல்லாம் மொட்டை மாடிக்குப் போய்விட்டன. தரை கழுவிக் காய்ந்திருக்கிறது. நாலு மூட்டையும் உள்ளே. ஞாயிற்றுக்கிழமை என்றுகூடப் பார்க்காமல் மு.அ.வை வரவழைத்துத் தூக்க வைத்திருக்கிறாள். டிவி பாட்டுக்கு ஓடுகிறது. அம்மா வெறும் கட்டிலில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள்.

"சோப்புப் போடல. வெறும் தண்ணிதான். மோந்து பாரு."

மோந்து பார்த்தேன். ஒன்றுமே இல்லை. தைலம் எங்கே என்று கேட்டேன்.

"வியாழக்கெழமையில இருந்தே தேய்க்கல. அந்தாளு மூக்க வப்பேன்னு சொன்னார்ல. இந்தக் கையாலதான காம்பு கிள்ளுறேன்."

ஃபிரிட்ஜ் மேல் போய்ப் பார்த்தேன். மூடி திறக்கவே இல்லை. மூன்று ராத்திரி. நான் மழை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அடுப்படியில் நின்று கொஞ்சம் அழுதேன். "வெரசா வா, சலிக்கணும்ல" என்று உள்ளேயிருந்து சத்தம்.

நடுராத்திரிக்குள் ஆறும் முடித்துக் கட்டிவிட்டோம்.

ஆவணி 9, திங்கள்

மதுரை. நல்ல வெயில். கடை முதலாளி ஆறு மூட்டையிலும் மூக்கை வைத்தார். ஆறாவதில் கொஞ்சம் அதிக நேரம். எனக்கு உயிர் போய் வந்தது. பிறகு நிமிர்ந்து, புரட்டாசிக்கும் இதே காய் கிடைக்குமா என்றார். கிடைக்கும் என்று சொன்னது என் குரல்தானா, தெரியவில்லை.

பஸ்ஸில் பாதி வழி சிரித்துக்கொண்டே வந்தேன். பக்கத்து சீட்டு அம்மாள் தள்ளி உட்கார்ந்துகொண்டார்.

ஐந்து மணிக்கு வீடு. அம்மாவிடம் விஷயத்தைச் சொன்னேன். "அப்படியா" என்றாள், அவ்வளவுதான். முகத்தைத் திருப்பிக்கொண்டு மு.அ.வுக்கு இரண்டாவது டீ போடப் போனாள். பெயிண்ட் வாசம் போக இன்னும் பத்து நாளாவது ஆகும் என்கிறார் மு.அ.

தைலத்தை எடுத்துக்கொண்டு அவள் அறைக்குப் போனேன். உள்ளே விடவில்லை. பிளாஸ்டிக் சேரைத் தூக்கிக்கொண்டு நொண்டி நொண்டி வாசலுக்கு நடந்தாள். மணல் குவியலுக்குப் பக்கத்தில், தெருவே பார்க்க, சேலையை முழங்காலுக்கு ஏற்றிக்கொண்டு உட்கார்ந்தாள். கீழே உட்கார்ந்து தேய்த்துவிட்டேன். நல்ல வீக்கம். கண்ணை மூடிக்கொண்டாள்.

முடித்து எழுந்து கதவருகே போனேன். கண்ணைத் திறக்காமலே சொன்னாள்:

"கைய நல்லாக் கழுவிட்டு உள்ள போத்தா. அடுத்த லோடு வருதுல்ல."