கிழக்கு எல்லை

திருவொற்றியூர்,
மே 9

அன்புள்ள சில்வியாவுக்கு,

நாங்கள் நலம். ஓசூரில் உன் ஆய்வக வேலை எப்படிப் போகிறது?

கல்லூரியில் கடைசி வருடம் வகுப்பில் நீ ஒரு கேள்வி கேட்டாய். “கடலுக்குப் போன பொகை அங்கியே நின்னுடுமா சார்? காலைல எங்க நைனா போட்ல போறப்போ தலைக்கு மேல போவுதாம். மத்தியானம் கரைக்கு வர்றப்போ அதுவும் கூடவே வருதாம்” என்றாய். “இன்னா சில்வி, சோறு துன்ன வூட்டுக்கு வருதா?” என்று அசோகன் கேட்க, வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன்.

வானத்தைப் பெட்டி பெட்டியாகப் பிரித்து, ஒரு பெட்டியிலிருந்து அடுத்ததற்குக் காற்று எவ்வளவு புகையைக் கொண்டுபோகிறது என்று கணினியில் கணக்கிடுவோமே, அதற்கு மின்சார ரயிலைத்தான் உதாரணம் சொல்வேன். எந்தப் பெட்டியில் எத்தனை பேர் ஏறினார்கள், இறங்கினார்கள். என் வரைபடம் கடற்கரையோடு முடிந்தது. அதைத் தாண்டிய புகையைக் கணினி அழித்துவிடும். கடைசி நிலையத்தில் இறங்கியவரும் வீடு திரும்புவார் என்று எனக்குத் தோன்றவில்லை. புகை திரும்பி வரும் என்று நீ எழுதிய புராஜெக்ட் அறிக்கையில் ‘ஆதாரம் இல்லை’ என்று சிவப்பு மையில் எழுதிப் பன்னிரண்டு மதிப்பெண் குறைத்தேன். நீ எம்.எஸ்சி.க்கு விண்ணப்பிக்கவில்லை என்று பிறகு கேள்விப்பட்டேன். காரணம் கேட்கவில்லை.

என் மனைவி கார்குழலிக்கு இரண்டு வருடமாக இளைப்பு. காலையில் ஜன்னல்களைச் சாத்திவைத்து, பதினொரு மணிக்குக் கடல்காற்று வந்ததும் நானே திறந்துவிடுவேன். போன மாதம் ஒருநாள், “கடல்காத்து நல்லதுன்னு நீங்கதான் சொல்லிகினு கீறீங்க. என் நெஞ்சுக்கு அது தெரியலியே” என்றாள்.

அப்போதுதான் உன் நைனா நினைவுக்கு வந்தார். வரைபடத்தின் கிழக்கு எல்லையைக் கடலுக்குள் நாற்பது கிலோமீட்டர் தள்ளிவைத்துக் கணினியில் மறுபடி ஓட்டினேன். எண்ணூர் ஆலைகளிலிருந்து காலையில் கடலுக்குப் போன புகை, பதினொன்றரைக்கு எங்கள் தெருவின் மேல் நின்றது. அது விலக மூன்று மணி ஆனது.

இப்போது மூன்று மணிக்குத்தான் ஜன்னலைத் திறக்கிறோம். நேற்று துணி காயப்போட மாடிக்கு எங்கும் நிற்காமல் ஏறினாள். இறங்கி வந்து, “அந்தப் பொண்ணுக்கு எழுதுங்க” என்றாள்.

நன்றி, சில்வியா. உன் நைனா சிலுவைமுத்துவுக்கும் சொல்.

தவறு என்னுடையது என்று கல்லூரிக்கு எழுதிவிட்டேன். மதிப்பெண் மாறுமா என்று தெரியாது. எம்.எஸ்சி. விண்ணப்பத்துக்கு இருபதாம் தேதி கடைசி. பரிந்துரைக் கடிதம் இத்துடன் இருக்கிறது. உனக்கு விருப்பம் இருந்தால் மட்டும். நீ எங்கிருந்தாலும் நன்றாக இருக்க வேண்டும்.

வகுப்பில் ஓட்டிய பழைய நிரலை உன் மின்னஞ்சலுக்கு அனுப்பியிருக்கிறேன். அதில் நான் எதையும் மாற்றவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து, கிழக்கு எல்லையை நீயே தள்ளிவைத்து ஓட்டிப் பார்.

உன் பழைய ஆசிரியர்,
பீம்ராவ்