சுபான் பாய் வீட்டு சாம்பார்

சேசு மரி சூசை துணை

கடத்தூர்,
18-5-1987

அன்பு மகன் செபாஸ்டினுக்கு அப்பா கஸ்பார் எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் கறவை மாடும் சுகமாக இருக்கிறோம், என் முழங்கால் மட்டும் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை. நீ குளிருக்குக் கம்பளி போட்டுக்கொண்டு வேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருக்க மாதாவை வேண்டுகிறோம். உன் கடிதம் வந்தது. ஆகஸ்டில் உன் புரொபசரை அழைத்துக்கொண்டு வருகிறாய் என்று படித்ததும் அம்மா வீட்டுக்கு வெள்ளை அடிக்க ஆள் தேட ஆரம்பித்துவிட்டாள். அடுத்த பக்கத்தைப் படித்ததும் எனக்குத்தான் வேர்த்துவிட்டது. ஐதராபாத்தில் உருதும் அரபியும் படித்தாய், அங்கேயே காலேஜில் பாடம் நடத்தினாய், இப்போது பர்மிங்காமில் கிறிஸ்தவர்களும் முஸ்லிம்களும் எப்படிப் பேசிப் பழகுவது என்று டாக்டர் பட்டத்துக்குப் புத்தகம் எழுதுகிறாய், எல்லாம் சந்தோஷம். அதில் முப்பது வருஷமாக ஒரு மனஸ்தாபம்கூட இல்லாமல் பழகும் இரண்டு பேர் என்று என்னையும் சைக்கிள் கடை சுபான் பாயையும் போட்டிருக்கிறாயாம், அந்த இரண்டு பேரை நேரில் பார்க்கத்தான் புரொபசர் வருகிறாராம். தம்பி, உன்னிடம் ஒன்றை மறைத்துவிட்டேன். பாயும் நானும் பேசிப் பதினாலு மாதம் ஆகியிருந்தது.

போன வருஷம் மார்ச்சில் பாய் மகள் கல்யாணம் நடந்ததே, அது தவக்காலத்து வெள்ளிக்கிழமை. நமக்குக் கறி ஆகாத நாள். பாய் வீட்டுப் பிரியாணியை எப்படி விடுவது என்று நாலு நாள் முன்னாலேயே நம் பங்குச் சாமியாரிடம் போய் நின்றேன். அவர் சிரித்துவிட்டு, அன்றைக்கு மட்டும் சாப்பிட்டுக்கொள்ளுங்கள், பதிலுக்கு முழந்தாளிட்டு நூற்று ஐம்பத்து மூன்று மணிச் செபமாலை சொல்லிவிடுங்கள் என்றார். எதற்கு வைத்துக்கொண்டிருப்பது என்று முந்தின நாளே சொல்லி முடித்தேன், முழங்கால் கெட்டது அன்றைக்குத்தான். மறுநாள் காலையிலிருந்து பச்சைத் தண்ணீர் தவிர எதையும் தொடாமல் மத்தியானம் பந்தலுக்குப் போனால், பாய் என் கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு போய் ஓரமாக இருந்த சைவப் பந்தியில் ரிட்டையர்டு வாத்தியார் வெங்கடாசலத்துக்குப் பக்கத்தில் உட்கார வைத்தார். இலையில் சாம்பார், பீன்ஸ் பொரியல், அப்பளம். அந்தப் பக்கம் மாப்பிள்ளை வீட்டு வேன் டிரைவர் வரைக்கும் பிரியாணி. முப்பது வருஷம் ரம்ஜானுக்கு ஒரே தட்டில் கை போட்டுச் சாப்பிட்டவனை ஊரார் பார்க்க ஒதுக்கி உட்கார வைத்துவிட்டாரே என்று வந்த கோபத்தில் இலையை மூடிவிட்டு எழுந்து வந்துவிட்டேன். தண்டனையை முன்கூட்டியே அனுபவித்தாயிற்று, குற்றம் செய்யத்தான் கொடுத்துவைக்கவில்லை.

அதற்குப் பிறகு என் சைக்கிள் பஞ்சரானால் பஸ் மேலே ஏற்றிப் பாப்பிரெட்டிப்பட்டிக்குக் கொண்டுபோய் ஒட்டி வருவேன். பஸ் நிற்பதோ பாய் கடைக்கு நேர் எதிரில். நான் சைக்கிளை மேலே தூக்கிக் கொடுப்பதை அவர் பார்ப்பார், அவர் பார்ப்பதை நான் பார்க்காத மாதிரி இருப்பேன். பக்கத்துக் காட்டுக்காரன் மாது ஒருநாள் உன் படிப்பைப் பற்றி விசாரித்தான். கிறிஸ்தவர்களையும் முஸ்லிம்களையும் பேச வைக்கிற படிப்பு என்றேன். “அப்ப மொதல்ல நம்மூருக்கு வரச் சொல்லுங்க” என்று சொல்லிவிட்டுப் போனான். உண்மையைச் சொன்னால் எனக்கும் மனசு சரியில்லை தம்பி. சந்தைக்குப் போனால் யாரோடு உட்கார்ந்து பேசுவது என்று தெரியாமல் சீக்கிரமே வீடு திரும்பிவிடுவேன்.

உன் கடிதம் வந்த மறுநாள், என் வீம்பால் உன் படிப்பு கெட வேண்டாம் என்று கடைக்குக் கிளம்பினேன். வெறுங்கையோடு போகக் கூச்சமாக இருந்தது. எதிர்க் கடையில் இரண்டு டீ வாங்கிக்கொண்டு போய் ஒன்றை அவர் முன்னால் நீட்டினேன். உச்சி வெயில் நேரம். பாய் டீயைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். “ஏங்க கஸ்பாரு, ஒங்க தவக்காலத்த நெனப்பு வெச்சி, தனி அடுப்பு போட்டு, தருமபுரியில இருந்து சைவச் சமையக்காரர கூட்டியாந்து ஒங்களுக்கோசரம் சாம்பார் வெச்சங்க. எலயில கை வெக்காம போனீங்க. இப்ப எங்க நோம்புல பட்டப்பகல்ல டீ வாங்கியாறீங்களா” என்று கேட்டார். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. ரம்ஜான் மாதம் என்பதே எனக்கு ஞாபகமில்லை. சாமியாரிடம் அனுமதி வாங்கியது, செபமாலை, முழங்கால் எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொன்னேன். பாய் சிரித்த சிரிப்பில் கையிலிருந்த ஸ்பேனர் கீழே விழுந்தது. எனக்கும் சிரிப்பு வந்தது, வெட்கத்தில் கண்ணும் கலங்கிவிட்டது. இரண்டு டீயையும் அந்த வழியாக வந்த மாதுதான் குடித்தான். சாயங்காலம் பாயோடு உட்கார்ந்து நோன்புக் கஞ்சி குடித்துவிட்டு வந்தேன்.

வீட்டுக்கு வந்து பெருமையாகச் சொன்னால் உன் அம்மா, “பாயி வூட்டு அக்கா அன்னிக்கே எங்கிட்ட சொல்லிட்டாங்க, அந்தப் பேச்ச எடுத்தாலே எந்திரிச்சிப் போயிடறீங்க, அப்பறம் எங்க சொல்றது” என்கிறாள். போன பக்ரீத் சமயம் கறி பிரமாதம், எந்தக் கடைக் கறி என்று கேட்டுக்கொண்டே நான் இரண்டு தரம் போட்டுச் சாப்பிட்டதும் பாய் வீட்டிலிருந்து வந்ததுதானாம். இவளும் பாய் வீட்டம்மாவும் ஒருநாள்கூடப் பேச்சை நிறுத்தவில்லை. புரொபசர் முதலில் இவளைத்தான் பார்க்க வேண்டும்.

அதனால் தைரியமாக அழைத்து வா. ஆனால் மனஸ்தாபம்கூட இல்லை என்று எழுதியதை அடித்துவிடு. பதினாலு மாதம் பேசாமல் இருந்தார்கள், இப்போது பேசுகிறார்கள் என்று எழுது. பாயும் அப்படித்தான் சொல்கிறார். சாம்பார் நன்றாக இருந்தது என்றும் சேர்க்கச் சொல்கிறார், அதற்கு நீ வெங்கடாசலம் வாத்தியாரைத்தான் கேட்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை பூசையை விடாதே, ராத்திரி கண்விழித்துப் படிக்காதே. உன் நெற்றியில் சிலுவை போட்டு அம்மாவும் நானும் ஆசீர்வதிக்கிறோம். ஒன்று மட்டும் மறந்துவிடாதே. புரொபசர் எதைச் சாப்பிடுவார், எதைச் சாப்பிட மாட்டார், எந்தக் கிழமை சாப்பிட மாட்டார் என்று அவர் வாயாலேயே கேட்டு எழுது. பாயும் நானும் இனி யாருக்காகவும் நாங்களாக நினைத்துக்கொண்டு சமைப்பதில்லை.

உன் வரவை எதிர்பார்க்கும் அப்பா,
க. கஸ்பார்