மொட்டைமாடிப் புகை

குழலி,

உன் அம்மா வீட்டுக்குப் போனபிறகு பாப்பாவுக்கு வீசிங் குறைந்ததா? கம்பெனி விஷயத்தை நேரில் சொல்கிறேன்.

பகலில் சும்மா இருக்க முடியாமல் மொட்டைமாடியில் சின்னதாக ஒரு கொல்லுப்பட்டறை போட்டேன். பழைய டிரம்தான் உலை, அடித்துப் பழக ஒரு தண்டவாளத் துண்டு. வீடியோவில் மரக்கரி போடச் சொன்னார்கள். நான் அத்திப்பட்டு ரோட்டில் லாரிகள் சிந்திய நிலக்கரியைப் பொறுக்கிவந்தேன்.

நேற்று அதைப் பற்றவைத்துவிட்டுத் தண்ணீர் எடுக்கக் கீழே இறங்கினால் தெருவே ஓடிக்கொண்டிருந்தது. அழுகிய முட்டை நாற்றம்.

"ஃபேக்டரில கேஸ் லீக்காம், மூஞ்ச மூடிக்கினு ஓடுப்பா," என்றார் எதிர்வீட்டு ரமாபாய் அக்கா.

நானும் நம்பிவிட்டேன். துண்டை நனைத்துக்கொண்டு பாப்பாவைத் தூக்க உள்ளே ஓடினேன். தூளி காலியாக இருந்தது. நீங்கள் இங்கே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

வெளியே வந்து நிமிர்ந்து பார்த்தேன். மஞ்சள் புகை நம் மாடியிலிருந்து வந்துகொண்டிருந்தது. நான் பொறுக்கிவந்த நிலக்கரியின் கந்தகம்தான் நாறியது.

தெருவில் எல்லாரும் இன்னும் ஃபேக்டரியைத்தான் திட்டுகிறார்கள்.

உங்களை வரச் சொல்லத்தான் எழுத உட்கார்ந்தேன். நடுவில் எழுந்துபோய்த் தூளியை முகர்ந்து பார்த்தேன். நாற்றம் போகவில்லை. கொஞ்ச நாள் அங்கேயே இருங்கள்.

பாப்பாவின் நைனா